பொது இடத்தில் ஒழுங்கீனம்: குற்றச்சாட்டும் தற்காப்பும்

சட்டத்தின் மொழி வழக்கறிஞர்க்கும் நீதிபதிக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. ஆயினும், காப்பிக்கடையில் எழும் ஒரு வாய்த்தகராறே ஒருவரை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லக்கூடும். அந்நிலையில் அவர் எந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது வழக்கின் போக்கையே மாற்றிவிடலாம். ஆதலின், பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் குற்றத்தையும், அக்குற்றச்சாட்டை எதிர்கொள்வோர்க்குச் சிங்கப்பூரில் கிடைக்கும் சட்ட உதவியையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

குற்றம் யாது?

பொது ஒழுங்கு, பொதுத்தொல்லை தொடர்பான பல்வகைக் குற்றங்களுக்கென 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. அதன் 20ஆம் பிரிவு, சாலையிலும் பொது இடத்திலும் கலகமாகவோ ஒழுங்கீனமாகவோ அநாகரிகமாகவோ நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. நீதிமன்றம், அரசு அலுவலகம், காவல் நிலையம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் உட்புறமும் அண்மைப்பகுதியும் இதில் அடங்கும். 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பணியிலுள்ள அரசு ஊழியரை ஏசினால், 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் பாயலாம். அதன் தண்டனை இதனினும் கடுமையானது.

இத்தகைய சம்பவம் ஒவ்வொன்றும் வழக்காவதில்லை. சில, கடும் எச்சரிக்கையோடு முடிவதுண்டு. எனினும் விசாரணை தொடங்கிய பின்னர், சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடுகிறது.

வாக்குமூலம்

காவல்துறையிடம் வாக்குமூலம் அளிப்பவர் உண்மையையே கூறக் கடமைப்பட்டவர். அதே வேளையில், தம்மீது குற்றச்சாட்டு எழ வழிவகுக்கும் எதையும் அவர் கூறவேண்டியதில்லை எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உரைக்கிறது. எழுதப்பட்ட வாக்குமூலம் அவருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும்; ஆங்கிலம் அறியாதவராயின் அவர் அறிந்த மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். பிழையிருப்பின் கையெழுத்திடும் முன்னரே திருத்தக் கோருவது நன்று.

குற்றம் சாட்டப்பட்ட பின் பெறப்படும் வாக்குமூலம் வேறு வகையைச் சார்ந்தது. அப்போது கூறாமல் விட்ட தற்காப்பை விசாரணையில் முதன்முறையாகக் கூறினால், நீதிபதி அதனை நம்பும் வாய்ப்புக் குறையலாம். எனவே இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

‘தப்புதான்’ என்னும் சொல்

நம் பேச்சு வழக்கில் ‘தப்புதான், மன்னித்துவிடுங்கள்’ என்பது பெரும்பாலும் பணிவின் அடையாளம். சினத்தைத் தணிக்கும் வழி. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதோ, குற்றச்சாட்டின் கூறுகள் அனைத்தையும் ஏற்று, அதன் விளைவையும் ஏற்பதாகும். ‘நான் கத்தினேன்’ என்பது ஒரு செயலை ஏற்பது. ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்பது தீர்ப்புக்கே வழிவிடுவது.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் அறிந்துள்ளது. ஒப்புக்கொள்பவர் அதன் தன்மையையும் விளைவையும் உணர்ந்துள்ளாரா என நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். தண்டனைக் குறைப்பு வேண்டி அவர் கூறும் செய்தி, குற்றத்தின் இன்றியமையாக் கூறு ஒன்றையே மறுப்பதாயின், நீதிமன்றம் அந்த ஒப்புதலை ஏற்காது தள்ளிவிட வேண்டும். ‘அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது’ என்று எண்ணி ஒப்புக்கொள்வோர், வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் அதன் சுமையை உணரக்கூடும்.

உதவி எங்கே?

கைதானவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரால் தற்காக்கப்படவும் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் விதி உரிமை வழங்குகிறது. அவ்வுரிமை கைதான அக்கணமே அன்று, நியாயமான கால அளவிற்குள் கிடைக்கும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. 48 மணி நேரத்திற்குள் கைதானவரை நீதிபதிமுன் நிறுத்தவேண்டும் என்பதும் அவ்விதியின் பாற்பட்டதே.

பொருள்வசதி குறைந்தோர்க்கு இரு வாயில்கள் உண்டு. முதலாவது, 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம்; குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதனை நாடலாம். இரண்டாவது, 1985இல் வழக்கறிஞர் சங்கம் தொடங்கிய குற்றவியல் சட்ட உதவித் திட்டம்; இன்று புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் இதற்கு வெளிநாட்டு ஊழியரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரரின் வருமானமும் வழக்கின் தகுதியும் ஆராயப்படும். சட்ட உதவிப் பிரிவு உரிமையியல் வழக்குகளுக்கே உரியது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பலர் முதலில் தட்டுவது அந்தக் கதவையே. வழக்கறிஞர் இன்றி முதல் நாள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், உதவி நாடுவதற்காக வழக்கை ஒத்திவைக்குமாறு வேண்டலாம். குற்றச்சாட்டுத் தாள், பிணை ஆவணம், வருமானச் சான்று ஆகியவற்றை உடன் வைத்திருப்பது விண்ணப்பத்தை எளிதாக்கும்.

வகுப்பறையின் பங்கு

குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தீர்ப்புக்கு முன்னரே ‘குற்றவாளி’ என்று எழுதும் வழக்கம் நம் கட்டுரைகளிலும் உரையாடல்களிலும் காணப்படுகிறது. சந்தேக நபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி ஆகிய மூன்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. வழக்கின் மூன்று நிலைகள். ஆசிரியர்கள் இச்சொற்களைப் பொருள் வேறுபாட்டுடன் கற்பித்தால், மாணவர் பெறுவது சொல்வளம் மட்டுமன்று. என்றேனும் ஒருநாள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் புரியாத தாளொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில், ‘கையெழுத்திடும் முன் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்’ என்று சொல்லும் தெளிவும் அவர்களுக்கு வாய்க்கும்.