திறந்த பாடங்களும் கற்போர் குழுக்களும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியரோ, வேளாண்மைத் துறையின் கள ஊழியரோ, ஊரைவிட்டு நீங்காமலும் ஊதியத்தை இழக்காமலும் நாட்டின் சிறந்த பேராசிரியர்களிடம் பாடங் கேட்பதற்கு இன்று வழி ஏற்பட்டுள்ளது. கையிலுள்ள தொலைபேசியே வகுப்பறையாகிறது. பேராசிரியர் உரை காணொளியாக வருகிறது. குறிப்புகளும் பயிற்சிக் கேள்விகளும் உடன் வருகின்றன. இவையே 'திறந்த பாடங்கள்' எனப்படுபவை. பெரும்பாலானவற்றில் சேர்ந்து படிப்பதற்குக் கட்டணமில்லை. வயது வரம்பும் இல்லை.

ஆயினும், கதவு திறந்திருப்பதனால் மட்டும் உள்ளே செல்வோர் யாவரும் இறுதிவரை செல்வதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய திறந்த பாடங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2019-இல் வெளியாயிற்று. பதிவு செய்துகொண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தும் பார்க்கவில்லை என்பதும், 2017-18ஆம் ஆண்டில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் அளவினரே என்பதும் அதனால் தெரிய வந்தன. சான்றிதழுக்கெனப் பணம் செலுத்தியவர்களுள்ளும் பாதிப்பேர் முடிக்கவில்லை.

இக்குறை பாடத்தின் தரத்தினால் மட்டும் வருவதன்று. தனித்திருந்து கற்பவனுக்கு ஐயம் எழும்போது கேட்பதற்கு ஆளில்லை. சோர்வு வரும்போது ஊக்குவிக்கத் துணையில்லை. பாடத்தைத் தொலைவிலிருந்து அனுப்பலாம்; கற்றலுக்கோ அருகில் துணை வேண்டும். இவ்வுண்மை நம் நாட்டிற்குப் புதிதன்று.

வானொலி மன்றங்கள் காட்டிய வழி

1956-ஆம் ஆண்டு அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில், அகில இந்திய வானொலி ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் உதவியுடன் ஒரு சோதனையை நடத்தியது. 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பெற்றன. ஒவ்வொரு மன்றத்திலும் ஏறத்தாழ இருபது பேர் இருந்தனர். வாரத்திற்கு இருமுறை, பத்து வாரங்களுக்கு, இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. உறுப்பினர் கூடியிருந்து கேட்டனர். கேட்டதைப் பற்றி விவாதித்தனர். விளங்காதவற்றை எழுதி நிலையத்திற்கு அனுப்பினர். அவற்றிற்குரிய விடைகள் பின்வரும் நிகழ்ச்சிகளில் கூறப்பட்டன.

இச்சோதனையை ஆராய்ந்தவர் பால் நியூராத் என்னும் சமூகவியலறிஞர். மன்றம் இருந்த கிராமங்களையும், வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களையும், இரண்டும் இல்லாத கிராமங்களையும் அவர் ஒப்பிட்டு நோக்கினார். மன்றம் இருந்த கிராமங்களிலேயே அறிவு வளர்ச்சி மிகுதியாகக் காணப்பட்டது. பெட்டி மட்டும் இருந்த இடங்களில் அத்தகைய வளர்ச்சி ஏற்படவில்லை. வானொலியின் குரல் ஒன்றே. கேட்டவர்கள் கூடிப் பேசினரா என்பதே வேறுபாடு. 1959 முதல் இம்முறை நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரப்பப்பட்டது.

விண்வழி வந்த பாடம்

வானொலிக்குப் பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் துணையால், ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அவ்வோராண்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானப் பயிற்சி இருமுறை அளிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 24,000 ஆசிரியர்கள் பங்கு கொண்டனர். அவர்கள் திரையை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. உள்ளூர் மையத்தில் கூடினர். எளிய பொருள்களைக் கொண்டு சோதனைகளைத் தம் கையாலேயே செய்தனர். வழிகாட்டி ஒருவருடன் விவாதித்தனர்.

பின்னர், கல்விக்கென்றே உருவாக்கப்பெற்ற எடுசாட் என்னும் இந்தியச் செயற்கைக் கோள் 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டது. அத்தீவு 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2010 வரை பணியாற்றிய எடுசாட்டின் வழியே, பொருத்தமான கருவிகள் இருந்த மையங்களில் மாணவர் ஆசிரியரைப் பார்த்ததோடன்றி, அவரிடம் கேள்வி கேட்கவும் முடிந்தது. ஒருவழிப் பாதை இருவழிப் பாதையாயிற்று. ஆயினும் மாணவர் ஒருவரோடொருவர் கலந்து பேசும் பலவழிப் பாதை இணையத்தாலேயே எளிதாயிற்று.

வலைப்பின்னலும் கற்றலும்

கனடா நாட்டில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்னும் இருவர் 2008-இல் மனிதோபா பல்கலைக்கழகத்தின் வாயிலாக ஒரு பாடத்தை நடத்தினர். கட்டணம் செலுத்திய மாணவர் ஏறத்தாழ 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தோர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர். அறிவு என்பது ஒருவர் தலையினுள் மட்டும் தங்குவதன்று, மனிதரையும் நூல்களையும் கருவிகளையும் இணைக்கும் வலைப்பின்னலில் பரவியிருப்பது என்பதே அவ்விருவரின் கொள்கை. மாணவர் தாம் அறிந்ததைத் தத்தம் இணையப் பக்கங்களில் எழுதினர். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் மறுமொழி எழுதினர். ஆசிரியர் பாடத்தைத் தொடங்கி வைத்தார். அதனை வளர்த்தவர் மாணவரே.

மூன்றாண்டுகள் கழித்து, 2011-இல், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வாயிலாக இருவர் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். இங்கு முதன்மை பெற்றவை உரையும் தேர்வும். திறந்த பாடங்கள் உலகெங்கும் பரவியது பெரும்பாலும் இவ்விரண்டாவது முறையில்தான். பரப்பு மிகுந்தது, ஆனால் கற்போரிடையே இருந்த உறவு மெலிந்தது. மெலிந்த அவ்வுறவை உள்ளூரிலேயே மீண்டும் அமைத்துக் கொள்ளுதல் நம் கையிலுள்ளது.

நம் நாட்டு ஏற்பாடு

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். என்பது. 2014 முதல் இத்திட்டத்தின்கீழ்ச் சான்றிதழுடன் கூடிய இணையப் பாடங்கள் நடைபெறுகின்றன. 2017 ஜூலை 9-ஆம் நாள் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பாடங்களுக்கு உறுப்புகள் நான்கு: காணொளி உரை, படிப்பதற்குரிய குறிப்பு, தன்னைத் தானே சோதித்துக் கொள்ளும் பயிற்சி, ஐயங்களைக் கேட்டுக் கலந்துரையாடும் அரங்கு. பருவம் ஒன்றில் பெற வேண்டிய மதிப்பலகுகளில் 40 விழுக்காடு வரை இத்தகைய பாடங்களால் ஈட்டிக் கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் இடமளித்தது.

நான்கு உறுப்புகளுள் கற்போர் மிகக் குறைவாகப் பயன்படுத்தக் கூடியது கலந்துரையாடல் அரங்கே. முன்பின் அறியாத பல்லாயிரவர் முன்னிலையில் தம் அறியாமையை வெளியிட நாணுதல் இயல்பு. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்ற அச்சமும் உண்டு. இக்குறையை உணர்ந்தே என்.பி.டி.இ.எல். திட்டம் கல்லூரிகளில் 'உள்ளூர்க் கிளை'களை ஏற்படுத்தியது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளராக இருப்பார். பாடந்தோறும் வழிகாட்டிகள் அமைவர். கல்லூரிக்குள் இருப்போருக்கு இவ்வுதவி கிட்டுகிறது. கல்லூரிக்கு வெளியே இருக்கும் பள்ளி ஆசிரியரும் கள ஊழியரும் தமக்குரிய கிளையைத் தாமே அமைத்துக் கொள்ள வேண்டியவராகின்றனர்.

மொழியெல்லையில் ஒரு தேவை

சித்தூர் மாவட்டத்தில் இத்தேவை மேலும் மிகுதி. குப்பம், ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்குமிடம். திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் அங்கு அமைந்ததும் இவ்வியல்பு கருதியே. இவ்வட்டாரத்தில் வீட்டில் தமிழும், பள்ளியில் தெலுங்கும், உயர்தரப் பாடத்தில் ஆங்கிலமும் வழங்கும் குடும்பங்கள் பல. பேராசிரியர் கூறியதை ஆங்கிலத்தில் கேட்ட ஒருவர், அதனைத் தம் நண்பருக்குத் தமிழிலோ தெலுங்கிலோ விளக்க முயலும்போதுதான் தமக்கே எவ்விடம் விளங்கவில்லை என்பதைக் கண்டுகொள்கிறார். கேட்பவருக்குப் பொருள் விளங்குகிறது. சொல்பவருக்குத் தெளிவு பிறக்கிறது.

ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறைக்கு இம்மாவட்டமே முன்மாதிரியும் தந்துள்ளது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி, பல்லாண்டுகள் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அங்குள்ள கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்த வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்கென அட்டைகளாலான பாட முறை ஒன்றை வகுத்தது. பாடங்கள் ஏணிப்படிகளைப்போல் அடுக்கப்பட்டன. சில படிகளை ஆசிரியர் துணையுடனும், சிலவற்றை உடன் பயிலும் மாணவர் துணையுடனும், சிலவற்றைத் தனியேயும் குழந்தைகள் கடந்தனர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு ஊற்றாக அமைந்தது இம்முறையே. குழந்தைகளுக்குப் பயன்பட்ட இவ்வுண்மை, முதியோர் பயிலும் திறந்த பாடங்களுக்கும் பொருந்துவதே.

குழு அமைக்கும் முறை

குழு அமைப்பதற்குப் பெருஞ் செலவு தேவையில்லை. ஒரே பாடத்தில் சேர்ந்த ஆறு முதல் பத்துப் பேர் போதும். வாட்ஸ்அப், டெலிகிராம் முதலிய செய்திச் செயலிகளுள் ஒன்றில் அவர்கள் ஒரு குழுவாக இணையலாம். ஆனால் குழுவைத் திறந்துவிடுதல் வேறு, நடத்துதல் வேறு. பின்வரும் நெறிகள் பயனளிக்கக் கூடும்.

முதலாவது, வாரத்தில் ஒரு நாளும் ஒரு மணி நேரமும் குறிக்கப்பட வேண்டும். அந்நேரத்தில் குழுவினர் நேரிற் கூடுதல் நலம். இயலாவிடில் தொலைபேசி வாயிலாகக் கூடலாம். குறித்த நேரமில்லாத குழு, வாழ்த்துச் செய்திகளால் நிறைந்து ஒரு திங்களுக்குள் உறங்கிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு வாரப் பாடத்திற்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் பாடத்தின் கருத்தைத் தாய்மொழியில், பத்து நிமிடத்திற்கு மிகாமல், கூறுவார். பொறுப்பு சுழன்று வருதல் வேண்டும். எப்பொழுதும் ஒருவரே பேசுவாராயின் ஏனையோர் வெறுங் கேட்போராகிவிடுவர்.

மூன்றாவது, விடை கிடைக்காத கேள்விகளை ஓரிடத்தில் தொகுத்துக் குழுவின் பெயரால் பாடத்தின் கலந்துரையாடல் அரங்கிற்கு அனுப்ப வேண்டும். 1956-இல் மன்றங்கள் வானொலி நிலையத்திற்குக் கேள்வி எழுதிய முறை இதுவே. தனியொருவரின் நாணம் குழுவின் கேள்வியில் மறைந்துவிடும்.

நான்காவது, கற்றதை உள்ளூரிற் சோதித்துப் பார்க்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புப் பாடம் மாமரத்துத் தத்துப்பூச்சியைப் பற்றிப் பொதுவான விதியைக் கூறும். பூக்கும் பருவத்தில் தம் வட்டாரத்துத் தோட்டத்தில் பூங்கொத்துகளை எண்ணிப் பார்த்து, பூச்சியின் அளவு மருந்து தெளிக்கும் நிலையை எட்டியதா என்று முடிவு செய்தல் கள ஊழியரின் வேலை. பத்து ஊர்களில் பத்துப் பேர் எண்ணியதை ஒப்பிட்டு நோக்குவாராயின், பாடம் சொல்லாத செய்தியும் வெளிப்படலாம்.

விழிப்பு வேண்டும் இடங்கள்

வலைப்பின்னல் அறிவைப் பரப்பும் வேகத்திலேயே பிழையையும் பரப்பும். மருந்தின் அளவைத் தவறாகக் குறித்த ஒரு செய்தி ஒரே மாலையில் நூறு வயல்களைச் சென்றடையலாம். எனவே மருந்து, நோய், உரம் ஆகியன பற்றிய எச்செய்தியும், யார் கூறியது, எப்பொழுது கூறியது, எப்பயிருக்கு என்பவை குறிக்கப்படாமல் குழுவில் இடம்பெறலாகாது. மருந்தளவில் ஐயம் எழுமாயின் வேளாண்மைக் கல்லூரியையோ வேளாண் விஞ்ஞான நிலையத்தையோ கேட்டறிந்த பின்னரே பிறருக்கு அனுப்புதல் தகும்.

மற்றொரு தீமை, பயிற்சிக் கேள்விகளுக்குரிய விடைகளை ஒருவர் எழுத மற்றவர் பார்த்து அனுப்புதல். என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண்ணே உரியது. நேரிற் சென்று எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியைப் பார்த்து எழுதியவர் தேர்வறையில் தனித்து விடப்படுவார். வழியை விளக்குதல் உதவி. விடையை அளித்தல் உதவியன்று. இவ்வேறுபாட்டைக் குழு தொடங்கும் நாளிலேயே யாவரும் உணருமாறு கூறிவிடுதல் நன்று.

எல்லோரிடமும் ஒரே வகைத் தொலைபேசி இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குடும்பத்திற்கு ஒரு கருவியே இருக்கும் வீட்டில், அது பெரும்பாலும் ஆடவர் கையிலேயே இருக்கும். தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்னும் அமைப்பைச் சேர்ந்த கிராமப் பெண்கள், ஆடு வளர்ப்பைப் பற்றிய பாடங்களைச் சாதாரணக் கைப்பேசியில் குரற்செய்தியாகக் கேட்டுத் தம் மகளிர் குழுக்களில் விவாதித்துக் கற்றனர். காமன்வெல்த் கல்வி அமைப்பின் 'வாழ்நாள் கல்வி' முயற்சியில் நடைபெற்ற இது, காணொளி இல்லாவிடினும் கற்றல் நடைபெறும் என்பதற்குச் சான்று. கருவி எளியதாக இருந்தது. கூடிப் பேசும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

பாடத்தை ஒலிபரப்பும் கருவி வானொலிப் பெட்டியாயினும், செயற்கைக் கோளாயினும், கைப்பேசியாயினும், அதனைக் கேட்ட பின் ஊரில் நாலுபேர் கூடி, 'இது நம் மண்ணுக்குப் பொருந்துமா?' என்று கேட்கும் அந்நேரமே கல்வி நிலைபெறும் நேரம். அந்நாலுபேரையும் கூட்டும் பணி ஆசிரியருக்கும் கள ஊழியருக்கும் உரியது. அடுத்த பருவப் பாடங்களில் பதிவு செய்துகொள்ளுமுன், உடன் படிக்க இருவரையேனும் தேடிக்கொள்ளுதல் அப்பணியின் தொடக்கமாகும்.