பகல் பெங்களூரில், இரவு மாரிக்குப்பத்தில்

பெங்களூரைப் பற்றிப் பேச்செடுத்தால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களானாலும் சரி, ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் போய்த் தங்கிவிட்டு வந்தவர்களானாலும் சரி, முதலில் சொல்வது அந்த ஊரின் சீதோஷ்ணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த அந்த மேட்டு நிலத்தை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்களுடைய சுவர்க்கம் என்று கொண்டாடிய காலம் ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பழைய பேட்டையின் சந்துகளில் புகுந்து ஜனங்களைச் சூறையாடிய பிறகு, காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருக்கவேண்டும் என்று வகுக்கப்பட்ட மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும், முன்னால் நாலு பூச்செடியும் பின்னால் ஒரு தென்னையுமாக வீடு கட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஒரு நடையும் திரும்பி வந்ததும் ஒரு டம்ளர் காப்பியுமாகக் காலம் கழித்த அவர்களுக்கு, நகரம் என்பது ஆயுள் முழுவதும் உழைத்ததற்குக் கடைசியில் கிடைத்த சன்மானம்.

அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெருநகரத்தைப் பற்றி ஒருவர் வெளியிடும் அபிப்பிராயத்தைக் கேட்பதைவிட, அவர் ராத்திரி எங்கே படுத்து உறங்குகிறார் என்று விசாரிப்பது அதிகப் பிரயோஜனமானது என்பது என் கருத்து. பகலில் எல்லாரையும் வாவென்று அழைக்கும் ஊர், பொழுது சாய்ந்த பிறகு யார் யாருக்கு இடம் கொடுக்கிறது என்பதில்தான் அதன் சுபாவம் வெளிப்படுகிறது.

1537-இல் கெம்பே கௌடர் ஸ்தாபித்த பேட்டைக்கும் தமிழர்களுக்கும் இருந்த சம்பந்தம் ஒருபுறம் இருக்க, கூட்டம் கூட்டமாகத் தமிழ் ஜனங்கள் அங்கே குடியேறியது 1809-க்குப் பிறகுதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சலுக்கு அஞ்சி ஆங்கிலேயர் தங்கள் சேனையை அல்சூர் ஏரிப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்தச் சேனையோடு சிப்பாய்களும், அவர்களுக்கு அரிசி பருப்பு கொடுக்கும் வியாபாரிகளும், கொத்தனார்களும், சலவைத் தொழிலாளர்களும், துரைமார் வீட்டுச் சமையற்காரர்களுமாகச் சென்னை ராஜதானியின் வட ஜில்லாக்களே பெயர்ந்து வந்துவிட்டன என்று சொல்லலாம். மகாராஜாவின் பெங்களூர் வேறு, ஆங்கிலேயரின் சேனை தங்கிய தண்டுப் பிரதேசம் வேறு என்று இரண்டு நகரசபைகளாக இருந்தவை ஒன்றானது 1949-இல்தான். 1896-இல் இளம் அதிகாரியாக வந்து சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இந்த ஊர் போலோ விளையாட்டும் ரோஜாத் தோட்டமும் புஸ்தகப் படிப்புமாக இருந்தது. அவர் செலுத்தாமல் போன 13 ரூபாய் பெங்களூர் கிளப்பின் பழைய கணக்கில் வராக்கடனாக இன்னும் நிற்கிறது. அவருடைய வர்க்கத்தாருக்குச் சலவை செய்தும் சமைத்தும் போட்டவர்களின் சந்ததியார்தாம் ஐந்தாறு தலைமுறைகளாக அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நிலைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு, இது எந்த ராஜ்யத்தின் தலைநகரம் என்ற சந்தேகம் ஒரு கணம் வரத்தான் செய்யும்.

இவர்களுக்காவது நகரத்துக்குள் ஒரு கூரை உண்டு. கோலார் தங்கவயல்காரர்களின் சங்கதி வேறு.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களில், சொந்தமாகக் காணி நிலமும் இல்லாமல், மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமையும் இல்லாமல் வாழ்ந்த ஜனங்கள், பூமிக்கு அடியில் இறங்கும் அபாயத்தைப் பூமிக்கு மேலே அனுபவித்த அவமானத்தைவிட மேல் என்று கருதி, குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போயிற்று. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உண்டாக்கிய மின்சாரம் 1902-இல் முதலில் சென்றது தங்கவயலுக்குத்தான்; பெங்களூர் வீதிகளில் மின் விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-இல். அந்த முந்திய பெருமை இன்றும் தங்கவயல்காரர்கள் வாயில் இருக்கிறது. ஆனால் 2001-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்று பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையனுக்கு இன்று நாற்பது வயது. அவனுடைய பாட்டனார் லிஃப்டில் ஏறிக் கீழே இறங்கியதைப்போல, அவன் நாள்தோறும் ரயிலேறி மேற்கே போகிறான்.

தங்கவயலின் மாரிக்குப்பத்தில் இருட்டோடு புறப்படும் அந்த ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயரைத் தாங்கிய நிலையங்களில் நின்று நின்று, சுரங்கக் கழிவான சயனைடு மண் குவிந்த மேடுகளைத் தாண்டிப் பங்காரப்பேட்டைக்கு வருவதற்குள், மூன்று பேர் உட்காரும் பலகையில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிப்பவர்களும், அப்படிப் பிடித்த இடத்தில் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று இன்னொருவரைச் சொருகிவிடுகிறவர்களும் ஒரே தெருக்காரர்களாக இருப்பதால் சண்டை நீடிப்பதில்லை. சீட்டாடும் கோஷ்டி ஒரு பக்கம், கதவோரம் செய்தித்தாளை விரித்துப் பாதியில் நின்ற உறக்கத்தைத் தொடருகிறவர்கள் ஒரு பக்கம். ஒயிட்ஃபீல்டு வந்ததும் பாதி வண்டி காலியாகிவிடும். அங்குள்ள கண்ணாடி மாளிகைகளின் வாசலில் காவல் நிற்பவர்களும், உள்ளே தரை துடைப்பவர்களும், அதே மாளிகைகளில் கணினிக்கு முன்னால் உட்காருகிறவர்களும் ஒன்றாகவே இறங்கிப் போவார்கள். மற்றவர்கள் கிருஷ்ணராஜபுரம், தண்டு ரயில்நிலையம் என்று பிரிந்து போவார்கள். ஒரு வழிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணம். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் தகப்பனாரை விழித்திருக்கும்போது பார்க்காத குழந்தைகள் அந்த ஊரில் அநேகம்.

பெங்களூரிலேயே குடியேறிவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அந்த ஊரில் வெகுகாலமாக வழங்கிவரும் சம்பிரதாயம். மாதம் 10,000 ரூபாய்க்கு இரண்டு அறை கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், சாவியைக் கையில் வாங்குமுன் ஒரு லட்சம் எண்ணி வைக்கவேண்டும். தங்கவயலிலோ, கம்பெனி கட்டிக்கொடுத்த பழைய 'லைன்' வீடு, சிறியதோ இடிந்ததோ, தாயாரும் தம்பியும் இருக்கும் வீடாக இருக்கிறது. ஆகையால் மாதாந்தர சீசன் டிக்கெட்தான் இவர்களுக்குப் பெங்களூரின் வாடகை. 2022 ஜூன் மாதத்தில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்ட புறநகர் ரயில் திட்டத்தில், சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக என்று பூக்களின் பெயரைச் சூட்டி நான்கு தடங்களை 148 கிலோமீட்டருக்கு வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் கிழக்கே வரும் பாரிஜாதம் ஒயிட்ஃபீல்டோடு நின்றுவிடுகிறது.

ஓசூர் சாலையிலும் பீணியாவிலும் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் பெண்களுக்கோ, நகரம் என்பது வாழ்நாளில் சில வருஷங்கள் மட்டுமே. கல்யாணத்துக்கு முன்னால் சில ஆண்டு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் சில ஆண்டு என்று உழைத்து, சேமநிதியில் சேர்ந்த பணத்தை எடுத்து ஒரு கூரையையோ ஒரு தங்கையின் விவாகத்தையோ முடிப்பது அவர்கள் கணக்கு. 2016-இல் மத்திய சர்க்கார், முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்று விதித்தபோது, அந்த விதியை எழுதியவருக்கு அறுபது வயதுவரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் வாழ்க்கைதான் தெரிந்திருந்தது போலும். ஏப்ரல் 18, 19 தேதிகளில் பொம்மனஹள்ளி முதலிய இடங்களில், சங்கங்கள் கூப்பிடக் காத்திராமல், ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கி ஓசூர் சாலையையே அடைத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் டெல்லியில் உத்தரவு வாபஸ் பெறப்பட்டது. பெங்களூரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மென்பொருள் கம்பெனிகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இந்த இரண்டு நாட்களுக்குக் கொடுத்தால் குறைந்து போகாது.

மென்பொருள் வாலிபர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு சேலத்துக்கும் மதுரைக்கும் பஸ் ஏறத் துடிக்கும் இவர்கள், திங்கட்கிழமை விடியலில் திரும்பி வரும்போது ஏக்கத்தோடு மட்டும் வருவதில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேள்வி கேட்காத ஊருக்குத் திரும்புகிறோம் என்ற ஆறுதலும் உள்ளூர உண்டு. ஆனால் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது, மாமிசம் சமைப்பீர்களா என்ற உருவத்தில் அந்தக் கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

இத்தனை பேரையும் ஒருசேர அச்சுறுத்திய நாட்களும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லை தாண்டின. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தன, ஊரடங்கு உத்தரவு பிறந்தது. விசித்திரம் என்னவென்றால், பெங்களூர்க் குழாய்களில் வருவது அதே காவிரி. தொரைக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றப்படும் அந்தத் தண்ணீரில் ஒரு குடம் குறைந்தாலும் அல்சூர்த் தமிழன் வீட்டில்தான் முதலில் தெரியும். நாக்கு ஒரு கட்சி, குழாய் ஒரு கட்சி என்று இருப்பவனை எந்தக் கட்சியில் சேர்ப்பது? அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. அரசாங்கங்கள் சிலைகளைப் பரிமாறிக்கொண்டது நல்ல காரியமே. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்தில் எழுதி, 1983-இல் ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரைப் போன்றவர்கள் அந்தப் பரிமாற்றத்தை எந்த விழாவும் இல்லாமல் வெகு காலத்துக்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு திசையிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள். திகளர் என்ற தோட்டக்காரச் சமூகத்தார் வெகுகாலத்துக்கு முன்பே தமிழ்ப் பிரதேசத்திலிருந்து போய், ஏரிக்கரைகளில் காய்கறியும் பூவும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். அவர்களைத் தேடி நகரம் வந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், இவர்களுடைய குலத்தைச் சேர்ந்த பூசாரி பெண் வேடம் புனைந்து, மல்லிகையால் அலங்கரித்த கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் ஏந்தி, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழத் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்பட்டு, வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று மரியாதை செய்து, பழைய பேட்டை முழுவதும் விடிய விடியச் சுற்றி வருவார். அந்தச் சடங்குகளுக்காகச் சம்பங்கி ஏரியில் மிச்சம் விட்டிருப்பது விளையாட்டரங்கத்தின் அருகே ஒரு சின்னக் குளம். நகரம் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

நிலம் போன பிறகும் தொழில் அவர்களைக் கைவிடவில்லை. லால்பாக் தோட்டத்தை ஒட்டிய சித்தாபுரத்தில் செடி வளர்த்து விற்கும் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. பன்னிரண்டாவது மாடியில் குடியிருப்பவர்கள் காரில் வந்து இறங்கி, துளசிக்கும் ரோஜாவுக்கும் பேரம் பேசிவிட்டு, தொட்டியில் போடுவதற்கு மண்ணையும் மூட்டையாக விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.