பிளைவுட் மீன்தொட்டி ஒழுகினால் யார் பொறுப்பு?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஆஸ்கர், அரோவானா என்று பெரிய மீன்கள் மீது ஆசை வந்தவர்கள் மனசுக்குள் போட்டுப் பார்க்கும் அளவு பெரும்பாலும் இதுதான். முழுக் கண்ணாடியில் செய்ய விலை கேட்டதும் அடுத்த யோசனை வருகிறது: பிளைவுட்டில் செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். அடியும் மூன்று பக்கமும் பலகை, முன்பக்கம் மட்டும் கண்ணாடி, உள்ளே நீர் புகாத பூச்சு. மீன் வளர்ப்போர் பல நாடுகளில் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஒழுங்காகச் செய்தது வருடக்கணக்கில் நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய கண்ணாடித் தொட்டி விட்டுப்போனால் போய் நிற்க ஒரு கடை உண்டு. இதற்கு அப்படி ஒருவர் இல்லை. பலகை ஒரு கடை, ரெசின் இன்னொரு கடை, சிலிக்கான் கண்ணாடிக் கடையில், வேலை ஆசாரியுடையது, அளவு சொன்னது நீங்கள். ஒழுகியதும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அந்த நேரத்தில் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதை, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் நீங்கள் செய்ததும் செய்யாததும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் கணக்கு. ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 24 கன அடி, ஏறத்தாழ 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மணல், கல், பலகை, கண்ணாடி, தாங்கும் மேசை எல்லாம் வேறு. முன்பக்கக் கண்ணாடி மீது தண்ணீர் தள்ளும் விசை சுமார் 340 கிலோ. இந்த விசைக்கும் தொட்டியின் அகலத்துக்கும் தொடர்பே இல்லை. உயரமும் நீளமும்தான் கணக்கு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகும். ‘இன்னும் ஒரு அடி ஏத்திக்கலாம்ண்ணே’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் கதையும் உண்டு. குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிட்டு வடிவமைக்கச் சொல்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி. நம் தொட்டி நிற்கும் இடத்தில் அது 600-ஐத் தாண்டிவிடும். உடனே தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல; அறை முழுவதும் அந்தச் சுமை இல்லை. ஆனால் அறை நடுவில் வைப்பதும், சுவரை ஒட்டி பீமின் மேல் வைப்பதும் ஒன்றல்ல. மாடி வீடென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இடம் குறியுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி பலகை. கடைகளில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., மரைன் என்று மூன்று பெயர்கள் புழங்கும். முதல் இரண்டும் ஐஎஸ் 303-ன் கீழ் வருபவை, மரைன் பிளை ஐஎஸ் 710. மரைன் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனை பார்ப்பது அடுக்குகளை ஒட்டிய பசை விடுகிறதா என்பதைத்தான். மரம் தண்ணீர் குடிக்குமா என்பதை அல்ல. குடிக்கும். அறுத்த ஓரங்கள் வழியாக நன்றாகவே குடிக்கும். ‘மரைன் பிளைதானே, ஒரு கோட்டு பெயின்ட் போதும்’ என்று சொல்பவர் பசையின் தரத்தை மரத்தின் தரமாக எண்ணிவிட்டார். அதோடு, பூஞ்சையும் கறையானும் அண்டாதிருக்க இந்தப் பலகைக்கு மருந்தேற்றியிருப்பார்கள். தாமிரம் கலந்த மருந்துகள் இதில் வழக்கம். தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஆகவே பூச்சில் விழும் ஊசித்துளையால் பலகை மட்டுமல்ல, மீனும் கெடும்.

பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். ‘710’ என்று சிவப்பு மையில் குத்தியிருப்பது மட்டும் முத்திரை ஆகாது. போலி முத்திரை குத்துவது 2016-ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இன்னொன்று: ஆசாரி ரம்பத்தை வைப்பதற்கு முன் முத்திரையைப் படம் எடுத்துவிடுங்கள். அறுத்தபின் அது எந்தத் துண்டில் போனதென்று தேட முடியாது. முத்திரையுள்ள துண்டு மிஞ்சினால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பூச்சு விஷயத்தில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: எபாக்ஸியும் ஃபைபர் மேட்டும். மொட்டைமாடிக்குப் பூசும் சிமென்ட் கலவை வளையாது, பலகை வளையும், மூலையில் கீறல் விழும். மலிவான பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் எபாக்ஸி அளவுக்குப் பிடிப்பதில்லை. எபாக்ஸியிலும் கரைப்பான் கலக்காத வகையை, முடிந்தால் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று உற்பத்தியாளரே எழுத்தில் சொல்லும் வகையை வாங்குங்கள். அதன் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. மூலைகளைக் கூராக விடாமல் எபாக்ஸிப் புட்டியால் வளைத்து, இணைப்புகள் மேல் மேட் பதித்து, குறைந்தது இரண்டு கோட்டு. இரண்டாவது கோட்டில் கொஞ்சம் நிறம் கலந்தால் விட்டுப்போன இடம் கண்ணில் பட்டுவிடும். ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில், தராசில் நிறுத்தோ அளவுக் குவளையில் அளந்தோ கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எபாக்ஸியில் அது பூச்சையே மென்மையாக்கிக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அடுத்த கோட்டு பூசினால் அது பிடிக்காது.

சிலிக்கானை எல்லாம் முடிந்தபின் கடைசியில் போடுங்கள். காய்ந்த சிலிக்கான் மேல் எபாக்ஸி ஒட்டாது, புது சிலிக்கானும் சரியாக ஒட்டாது. குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு வகை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும். ட்யூப்பில் உற்பத்தி மாதமும் காலாவதியும் பாருங்கள். நாள் கடந்தது ஒழுங்காக இறுகாது. கண்ணாடியைச் சட்டத்துக்கு உள்பக்கமாக வைத்து ஒட்டினால் தண்ணீரின் விசை கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்தும். வெளிப்பக்கம் ஒட்டினால் அதே விசை பிய்த்துத் தள்ளும். இதை மாற்றிச் செய்த தொட்டியை எந்தச் சிலிக்கானும் காப்பாற்றாது.

மீனைப் பற்றிக் கவலைப்படும் நாம், பூசுகிறவரின் உடம்பை மறந்துவிடுகிறோம். எபாக்ஸி ஹார்டனர் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும்; ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம், தேய்க்கும்போது முகக்கவசம் ஆகிய நான்கையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். ஒரே குவளையில் நிறையக் கலந்தால் அது தானே சூடேறிப் புகையும். யாராவது பாலியெஸ்டர் ரெசினில் வேலை செய்தால், அதன் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும்.

பூச்சு முழுமையாக இறுக ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு தரைத்தளத்தில், வெளியிடத்தில் வைத்து நிரப்பிப் பாருங்கள். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் பாதி, பிறகு முழுவதும். நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். வாளியில் குறைவது வெயிலும் காற்றும் குடித்தது. தொட்டியில் அதற்கு மேல் குறைந்தால் கசிவு. இந்தச் சோதனையைத் தேதி தெரியப் படம் எடுத்து வைத்தால், கசிவு பின்னால் உண்டானதா, முதல் நாளிலேயே இருந்ததா என்ற தகராறு வராது. தொட்டியை வீட்டுக்குள் வைக்கும்போது, மோட்டாரும் ஹீட்டரும் இணையும் சுற்றில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒழுகினால்?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கும் குறையுள்ள சேவைக்கும் வழி வைத்திருக்கிறது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே வகைதான். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதே சட்டத்தில் இருக்கிறது: பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. சுவருக்கென்று விற்ற பூச்சைத் தொட்டிக்குள் பூசியவருக்கு இந்த வாசல் மூடியதுதான். அதனால் வாங்கும்போதே ‘நீரில் நிரந்தரமாக மூழ்கியிருக்கும் மீன்தொட்டிக்கு’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

ஆசாரி விஷயம் நுட்பமானது. மொத்தமாகப் பேசி, வடிவமைத்து, செய்து தருகிறேன் என்று ஏற்றவரின் வேலை ‘சேவை’. நாள்கூலிக்கு வந்து நீங்கள் சொன்னபடி அடித்தவரின் வேலை அப்படியல்ல என்று வாதிட இடமுண்டு. தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை இந்தச் சட்டம் சேவையாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டம் கிடக்கட்டும், உங்கள் அளவுக்கு உங்கள் பொருளில் வேலை செய்த கூலித் தொழிலாளியின் மேல் பழி போடுவது நியாயமாகவும் எனக்குப் படவில்லை. கொளத்தூர்ப் பக்கம்போல் வண்ணமீன் வளர்ப்பைக் குடும்பப் பிழைப்பாகச் செய்பவர்களும் நுகர்வோர்தான். சுயதொழிலாக வாழ்வாதாரத்துக்கு வாங்கியதை வணிக நோக்கம் என்று சட்டம் தள்ளுவதில்லை.

கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் நீங்களே எதிர்வாதி. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலைக்காரர் ஒப்பந்தக்காரர்களை வைத்து நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அவர் பக்கம் கவனக்குறைவு இல்லாதபோதும் அவரே பொறுப்பு என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்களும் ஏற்ற கொள்கை அது. வீட்டுக் குழாய்த் தண்ணீர் போன்ற வழக்கமான பயன்பாட்டுக்கு அது பொருந்தாது என்று 1913-இல் பிரிவி கவுன்சில் எல்லை போட்டது. 680 லிட்டர் தொட்டி எந்தப் பக்கம் விழும் என்பது வாதத்துக்குரியது. ஆனால் சோதிக்காத தொட்டியை மாடியில் வைத்தது கவனக்குறைவு என்று சொல்ல அந்தத் தீர்ப்புகளே தேவையில்லை. பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ உண்டாகும் சேதம் அடங்கும். மீன்தொட்டி அதில் சேருமா, கீழ்வீட்டுச் சேதத்துக்குப் பணம் வருமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

புகார் என்றால் முதலில் கடைக்கும் உற்பத்தியாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். என்ன வாங்கினீர்கள், எப்போது ஒழுகியது, என்ன கேட்கிறீர்கள் என்று. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும், வழக்கறிஞர் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பலகையின் தரத்தில் தகராறு என்றால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பத்திரப்படுத்திய அந்த முத்திரைத் துண்டு அங்கேதான் உதவும். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. கடைக்காரர் ‘பார்க்கிறேன் சார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களும் அதற்குள்தான் ஓடுகின்றன.