பாடசாலை மூடிய வேளையில் வண்டியின் வேகம்

பாடசாலை வலயத்துக்கென விதித்த வேக எல்லையைப் பாடசாலை நடைபெறும் வேளையிற் பேணுதல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். பாடசாலை நடைபெறாத வேளையில் அவ்வெல்லை என்னாகும் என்பதே ஐயத்துக்கு இடமாவது. வாயில் பூட்டியிருக்கிறது, வீதி வெறுமையாய்த் தோன்றுகிறது. அங்ஙனமாயின் சாரதி எதற்காக வேகத்தைத் தணித்தல் வேண்டும்? நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று அவுஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளிற் குடியேறி வாழ்கின்றனர். அவர்களுக்கு இவ்வினா நாள்தோறும் வீதியில் எதிர்ப்படுவதொன்று. ஆதலின் அந்நாடுகளின் சட்டங்கள் இதற்குக் கூறும் விடைகளை முதலில் நோக்குவாம். அவ்விடைகளுள் மூன்று வகை இங்கு எடுத்துக்கொள்ளத் தக்கன.

முதலாவது வகை கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பற்றி நிற்பது. சிட்னி நகரை உள்ளடக்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் பெரும்பாலான பாடசாலை வலயங்களில், பாடசாலை நாட்களிற் காலை 8 மணி முதல் 9.30 மணி வரையும், பிற்பகல் 2.30 மணி முதல் 4 மணி வரையும், மணிக்கு 40 கிலோமீற்றரே எல்லை. இங்குப் பாடசாலை நாள் என்பது மாணாக்கர் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாள் அன்று. அரசினர் அவ்வாறு அறிவித்த நாள் என்க. ஆசிரியர் மாத்திரம் கூடி மாணாக்கர் வாராதிருக்கும் நாட்களிலும் அவ்வெல்லை செல்லும். தனியார் பாடசாலையொன்று தன் தவணையை முன்னரே முடித்துவிட்டமையால் அதன் வாயிலில் எல்லை நீங்கிவிடாது. "இன்று பிள்ளைகள் இல்லையே" என்னும் சமாதானம் அங்குச் சாரதியைத் தண்டத்தினின்றும் காவாது.

இரண்டாவது வகை பிள்ளையையே அளவாகக் கொள்வது. தென் அவுஸ்திரேலியாவில், பிள்ளைகள் காணப்படும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் எனப் பலகையிட்ட பாடசாலை வலயங்கள் உள. ஞாயிற்றுக்கிழமையாயினும் விடுமுறையாயினும், வலயத்துள் ஒரு பிள்ளை இருப்பின் எல்லை உண்டு. பாடசாலை திறந்துளதா என்பது அங்குக் கேள்வியே அன்று.

மூன்றாவது வகை ஐயத்துக்கே இடம் வையாதது. கனடாவின் கல்கரி நகரில் முன்னர்ப் பாடசாலை வலயங்களுக்கு ஒரு நேரமும் விளையாட்டிட வலயங்களுக்கு வேறொரு நேரமும் இருந்தன. 2014ஆம் ஆண்டில் நகராட்சியார் இரண்டையும் ஒன்றாக்கி, ஆண்டின் எல்லா நாட்களிலும் காலை 7.30 மணி முதல் இரவு 9 மணி வரை மணிக்கு 30 கிலோமீற்றர் என வகுத்தனர்.

இம்மூன்றனுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உள. கடிகாரத்தைப் பற்றிய சட்டம் அறிவதற்கு எளிது. குறித்த நேரத்துக்குப் புறம்பே வரும் பிள்ளையை அது காவாது. பிள்ளையைப் பற்றிய சட்டம் நோக்கத்தால் உயர்ந்தது. மதிலின் பின்னும் நிறுத்திய வண்டியின் பின்னும் நிற்கும் பிள்ளையைச் சாரதி காண்பதெங்ஙனம்? எந்நாளும் செல்லும் சட்டம் தெளிவுடையது. ஆயின் உண்மையில் எவரும் இல்லாத பொழுதிலும் வண்டிகளைத் தணிக்கின்றது.

இனி, வேகத்தின் இயல்பை எண்ணால் அறிவாம். சாரதியொருவர் இடரைக் கண்டு பிறேக்கை மிதிப்பதற்கு 1½ செக்கன் செல்லும் எனவும், வீதி உலர்ந்தும் பிறேக் நன்றாகவும் உள்ளன எனவும் கொள்க. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வண்டி, பிறேக் பற்றுமுன் ஏறத்தாழ 17 மீற்றரும், பற்றியபின் 9 மீற்றரும் ஓடி, 26 மீற்றரில் நிற்கும். 50 கிலோமீற்றரில் வருவது நிற்பதற்கு 35 மீற்றரும், 60 கிலோமீற்றரில் வருவது 45 மீற்றரும் வேண்டும்.

இப்பொழுது 26 மீற்றருக்கு அப்பால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்தி வீதியிற் பாய்கின்றான் என்க. 40இல் வந்த வண்டி அவன்முன் நின்றுவிடும். 50இல் வந்தது அவனை அடையும்போதும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். 60இல் வந்ததோ பிறேக் பற்றத் தொடங்கிய அளவிலேயே அவனை மோதும். இக்கணக்கில் நாளும் கிழமையும் புகுவதில்லை. விடுமுறை நாளிலும் இரும்பின் பாரம் அதுவே. பிள்ளையின் என்பும் அதுவே.

இதனால் இழக்கப்படும் காலம் எவ்வளவு? 300 மீற்றர் நீளமான வலயத்தை 60 கிலோமீற்றரிற் கடக்க 18 செக்கனும், 40 கிலோமீற்றரிற் கடக்க 27 செக்கனும் செல்லும். வேறுபாடு 9 செக்கன். அடுத்த சந்தியிற் சிவப்பு விளக்கின்முன் காத்து நிற்கும் பொழுதினும் இது குறைவு. மறுபுறத்தில், உலகில் 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு வீதி விபத்தே முதற் காரணம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்போக்கும் விபத்தின் அபாயம் நூற்றுக்கு நான்கு கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று.

தேவையற்ற பொழுதிலும் கட்டுப்பாடு விதித்தால் மக்கள் சட்டத்தையே இகழத் தலைப்படுவர் என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் முற்றும் புறக்கணிக்கற்பாலது அன்று. எல்லையை எந்நேரத்துக்கு விதிப்பது என ஆராயும் ஆட்சியாளர் இதனைக் கருதுதல் தகும். ஆயின் வண்டியில் அமர்ந்திருக்கும் சாரதிக்கு இது நியாயமாகாது. வீதி வெறுமையானது என்பதை அவர் அவ்விடத்தைக் கடந்த பின்னரே அறியக்கூடும். வேகத்தை முடிவு செய்வதோ கடக்குமுன்.

அன்றியும், பாடசாலை மூடியது என்பதனாற் பிள்ளைகள் அங்கு இல்லை என்று ஆகிவிடுமா? நம் கல்லூரியையே நினைந்து பார்க்க. பிற்பகல் மணி அடித்த பின்னரே மைதானம் நிறைகின்றது. சனிக்கிழமையிற் கிரிக்கெட் பயிற்சி. விடுமுறையிற் சாரணர் பாசறை. நவராத்திரியில் வாணி விழா ஒத்திகை. பரீட்சை நெருங்கினால் மேலதிக வகுப்பு. வகுப்பு நாளிற் பிள்ளைகள் ஒரு நேரத்திற் கூட்டமாய் வருவர். ஆசிரியரும் காவலரும் வாயிலில் நிற்பர். மற்றைப் பொழுதில் ஒருவன் இருவராய், காவலின்றி, விளையாட்டு நினைவோடே வருவர். எதிர்வரும் வண்டியின் வேகத்தைச் சிறுவர் பிழையின்றி மதிக்க வல்லரல்லர். அவர்கள் குறையை வளர்ந்தோரே தம் நிதானத்தால் நிறைத்தல் வேண்டும்.

ஆகவே சாரதிக்குரிய கடன் இரண்டென்க. பலகை எந்நேரத்தும் செல்லும் எல்லையைக் குறித்திருப்பின், வாயில் பூட்டியிருப்பினும் அதனை முழுமையாகப் பேணுதல் ஒன்று. குறித்த நேரம் கழிந்து எல்லை நீங்கியிருப்பின், அவ்வீதிக்குரிய பொது எல்லை அவ்வளவு வேகத்திற் செல்க என்னும் கட்டளையன்று, அதற்கு மேற்படாதே என்னும் தடையே என உணர்ந்து, கண்ணை வீதியோரத்திலும் காலைப் பிறேக்கின் அருகிலும் வைத்துச் செல்லுதல் மற்றொன்று. இன்று மாணாக்கராயிருப்போர் நாளை அனுமதிப்பத்திரம் பெற்று வண்டி ஓட்டுவர். அந்நாளில் எந்தப் பாடசாலை வாயிலைக் கடப்பினும், அது யாருடைய பாடசாலையாயினும், அங்கு வேகத்தைத் தணிக்கும் பழக்கத்தை இக்கல்லூரியிலிருந்தே கொண்டு செல்வாராக.