மூடிய வால்வும் அடைபட்ட சவ்வும்

எங்கள் பள்ளியின் ஆர்.ஓ. இயந்திரத்தில் ஒரு குழாயில் நல்ல நீர் வரும்; மறு குழாயில் அதைப்போல இரண்டு மடங்கு நீர் கழிவாக ஓடும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள ஊரில் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கழிவுநீர்க் குழாயின் வால்வை முக்கால்வாசி திருகி மூடினேன். உடனே நல்ல நீர் கூடுதலாக வந்தது. மாணவர்களிடம் பெருமையாகக் காட்டினேன்.

நான்கு மாதத்தில் நீர் நூலாகிவிட்டது. மதிய உணவுக்குப் பின் நீண்ட வரிசை. பொறுமையிழந்த பிள்ளைகள் கை கழுவும் குழாயிலேயே குடித்துவிட்டுப் போனார்கள். பழுது பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இந்த வால்வை யார் மூடினது?"

சவ்வூடு பரவலை உலர் திராட்சையை ஊற வைத்து ஆண்டுதோறும் நடத்துகிறேன். நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே செல்லும். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் வரும். அதுவே எதிர் சவ்வூடு பரவல். 1960 வாக்கில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வுதான் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தடுக்கப்பட்ட உப்பு எங்கே போகிறது என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

இது ஏழாம் வகுப்புக் கணக்குதான். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரில் பாதி சவ்வைக் கடந்தால், மீதிப் பாதியில் ஏறக்குறைய 2,000. முக்கால் பங்கு கடந்தால் 4,000. பத்தில் ஒன்பது பங்கு கடந்தால் 10,000! சவ்வை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் செறிவு இதைவிடவும் அதிகம். கரையும் எல்லையைத் தாண்டியதும் கால்சியம் கார்பனேட் படிகமாகிச் சவ்வின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கும் அதே வெள்ளைப் படிவு. கழிவு நீர் என்று நாம் சொல்வது உண்மையில் சவ்வைக் கழுவிக்கொண்டு ஓடும் நீர். அந்த ஓட்டத்தைத்தான் நான் நிறுத்தியிருந்தேன்.

சவ்வு அடைபட வேறு காரணங்களும் உண்டு. களிமண் துகள் முன்வடிகட்டியைத் தாண்டி வரலாம். அந்த வடிகட்டியைக் காலத்தில் மாற்றினால் போதும். நுண்ணுயிர்கள் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இன்றைய பாலிஅமைடு சவ்வுக்குக் குளோரின் ஆகாது. ஆகவே நீரில் குளோரின் இருந்தால் கரி வடிகட்டி அதை முன்பே நீக்கிவிடுகிறது. அதன்பின் கிருமியைத் தடுக்க நீரில் எதுவும் இல்லை. கோடை விடுமுறையில் இயந்திரம் நின்றுகிடந்தால் சவ்வின் மேல் பிசுபிசுப்பான உயிர்ப்படலம் வளரும். பள்ளி திறக்கும் முன் இயந்திரத்தைக் கழுவி ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் 2010-இல் தொடங்கப்பட்ட கடல்நீர் நிலையத்துக்கும் இதே எதிரிகள்தான். கடல்நீர் நிலையங்களில் பொதுவாக உள்ளே வரும் நீரில் பாதிக்கும் குறைவாகவே குடிநீராக எடுக்கிறார்கள். பேராசை அங்கும் செல்லாது.

கழற்றிய பழைய சவ்வைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பில் அதை அறுத்துப் பாய்போல விரித்தோம். விரலால் தடவினால் மணல் தாள்போல் சொரசொரப்பு. ஒரு மாணவி வினிகர் சொட்டியதும் நுரைத்துப் பொங்கியது. முன்வடிகட்டியின் பழுப்புச் சேற்றில் சொட்டினோம், குமிழி இல்லை. எது கார்பனேட், எது மண் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. (கால்சியம் சல்பேட் படிவும் நுரைக்காது, குமிழி வரவில்லை என்பதால் படிவே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.)

புதிய சவ்வின் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தபோது காரணத்தையும் சொன்னேன். சங்கடமாகத்தான் இருந்தது. இப்போது வால்வு பழைய நிலைக்கே திறந்திருக்கிறது. வெளியேறும் நீரைத் தொட்டியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்துகிறோம். உப்பு ஒன்றரை மடங்கு என்று பிள்ளைகளே கணக்கிட்டுவிட்டதால், தோட்டத்துக் கீரைப்பாத்திக்கு அதை விடுவதில்லை.