கம்மியரின் முதல் வானூர்தி

நுழையும்முன்

பழுதடைந்து கிடக்கும் பழைய வானூர்தியைப் பிரித்து, குறைகளைந்து, மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவரும் பணியை மீட்டமைப்பு என்பர். ஐக்கிய அமெரிக்காவில் இது தொழிலாகவும் ஈடுபாடாகவும் வளர்ந்துள்ளது. அங்குப் பயிற்சி பெறும் இளம் கம்மியர் ஒருவர், தம் முதல் மீட்டமைப்புப் பணிக்குரிய வானூர்தியை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, போரிலிருந்து திரும்பும் வானோடிகள் ஆளுக்கொரு சிறு வானூர்தி வாங்குவர் என்று அமெரிக்க நிறுவனங்கள் நம்பின. 1946ஆம் ஆண்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வானூர்திகள் பொதுமக்களுக்காகக் கட்டப்பட்டன. எதிர்பார்த்த அளவுக்கு வாங்குவோர் இல்லை. சந்தை சரிந்தது, நிறுவனங்கள் பல நொடித்தன. ஆனால், அவை கட்டிய வானூர்திகள் எஞ்சின. சில இன்றும் பறக்கின்றன. சில, பண்ணை வீடுகளின் கொட்டகைகளில் வைக்கோலுக்கும் பழைய உழுபொறிகளுக்கும் இடையே தூசு படிந்து கிடக்கின்றன. இளம் கம்மியர் தேடிச் செல்வது இத்தகைய கொட்டகைகளையே.

அவருடைய மனம் முதலில் நாடுவது வேறு. போர்க்காலத்து மஸ்டாங் போன்ற புகழ்பெற்ற வானூர்தியை மீட்டெடுக்க வேண்டும் என்பதே பலரின் கனவு. அதன் பன்னிரண்டு உருளை மெர்லின் எந்திரத்தைச் செப்பனிடப் பெருஞ்செல்வமும் தனித்தேர்ச்சியும் வேண்டும். கனவைத் தள்ளிவைத்தவரை மற்றொரு கவர்ச்சி இழுக்கும். அது குறைந்த விலை. முன்பே பிரிக்கப்பட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட வானூர்தி மலிவாகக் கிடைக்கும். அதைப் பிரித்தவர் வேறொருவர். எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது, எந்த உறுப்பு தொலைந்தது என்பதை அவரே அறிவார்; பல வேளைகளில் அவரும் மறந்திருப்பார். முழுமையாக நிற்கும் வானூர்தியைத் தாமே பிரிப்பவருக்கோ, பிரிக்கும் வேலையே முதற்பாடமாக அமைகிறது.

பழகுநர் தனித்து இயங்க அமெரிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. சான்றிதழ் பெற்ற கம்மியர் அருகிலிருந்து மேற்பார்வையிடும்போது மட்டுமே அவர் வானூர்தியில் வேலை செய்யலாம். உடற்பகுதி, எந்திரம் ஆகிய இரண்டில் ஒன்றற்குரிய தேர்வை எழுத 18 மாதப் பட்டறிவும், இரண்டுக்கும் சேர்த்து எழுத 30 மாதப் பட்டறிவும் கேட்கப்படுகின்றன. பயிற்சிப் பள்ளியில் பயில்வது மற்றொரு வழி. எவ்வழியில் வந்தாலும், பழகுநரின் வேலையை ஏற்றுப் பதிவேட்டில் கையொப்பமிடுபவர் ஆசானே. ஆகவே, “எந்த வானூர்தி எனக்குப் பிடிக்கும்?” என்பதற்கு முன், “எந்த வானூர்தியை என் ஆசான் நன்கறிவார்?” என்ற கேள்வி எழவேண்டும். துணி போர்த்திய இறக்கையில் ஒருநாளும் கைவைக்காத ஆசானிடம் அத்தகைய வானூர்தியைக் கொண்டு நிறுத்துவது இருவருக்கும் இடர்.

துணியா, உலோகமா என்பது அடுத்த தெரிவு. பைப்பர் நிறுவனத்தின் ஜே-3 கப் துணி போர்த்திய வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ இருபதாயிரம் ஊர்திகள் கட்டப்பட்டன. பற்றவைத்த எஃகுக் குழாய்க் கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி, பெரும்பாலானவற்றில் 65 குதிரைத்திறன் எந்திரம், இருவர் அமர இருக்கை. அவ்வளவே அதன் உடைமை. துணியை நீக்கிவிட்டால் எலும்புக்கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கற்பவருக்கு இதைவிட நல்ல நூல் இல்லை. இதே மரபில் வந்த ஏரோங்கா சீஃப் என்னும் வானூர்தியைத் தழுவியே, 1958இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுப் புஷ்பக் வடிவமைக்கப்பட்டது. அந்தப் புஷ்பக்கில் பறக்கக் கற்றோர் இந்தியப் பறத்தல் கழகங்களில் பலர்.

முழுவதும் உலோகத்தாலான செஸ்னா 150 மற்றொரு வகை. 1958 முதல் 1977 வரை இருபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டதால் உதிரி உறுப்புகள் எளிதில் கிடைக்கின்றன. தகடு வெட்டவும் தறையாணி அறையவும் விரும்புவோர்க்கு இது ஏற்றது. அரிய வானூர்தியின் ஒரு கைப்பிடி உடைந்தாலும் அதைத் தேடி ஆண்டுகள் கழியலாம். பெருகிய வகையின் கைப்பிடியைக் கடையிலேயே வாங்கலாம்.

வானூர்தியைப் பார்க்குமுன் தாள்களைப் பார்ப்பது பட்டறிவுடையோர் வழக்கம். பதிவேடுகள் முழுமையாக உள்ளனவா, அடையாளத் தகட்டின் எண்ணும் பதிவும் ஒத்துவருகின்றனவா, விற்பவர் உண்மையான உரிமையாளர்தாமா என்பன முதற்கேள்விகள். ஓக்லஹோமா நகரிலுள்ள பதிவகத்தில் ஒவ்வொரு வானூர்தியின் உரிமை மாற்றங்களும் பெரும் பழுதுபார்ப்புகளும் கோப்பாக உள்ளன. அதன் நகலை எவரும் பெறலாம். ஒரு விபத்தைப் பற்றி விற்பவர் வாய் திறவாதபோதும் அக்கோப்பு பேசும்.

தாள்களுக்குப் பின் கொட்டகை. பழகுநரின் கண் பளபளக்கும் வண்ணப்பூச்சில் நிற்கும். ஆசானின் கை இறக்கைத் தாங்குதண்டின் அடிமுனைக்குப் போகும். கப் வானூர்தியின் இறக்கை உடற்கூட்டின் மேல் அமர்ந்தது. அதை இருபுறமும் சாய்வாகத் தாங்கும் எஃகுத் தண்டுகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. அவற்றுள் புகும் ஈரம் வழிந்து அடிமுனையில் தேங்கும். துரு உள்ளிருந்து தின்னத் தொடங்கும். வெளியே பூச்சு புத்தம் புதிதாக மின்னும். பறக்கும்போது அத்தண்டு முறிந்தால் இறக்கை நிற்காது. உள்ளிருப்போர் பிழைக்க வழியில்லை.

இத்தீங்கு கருதி அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 1990களில் கட்டாய ஆணைகளைப் பிறப்பித்தது. பழைய தண்டுகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். அல்லது ஈரம் புகாமல் அடைத்த புதிய தண்டுகளைப் பொருத்த வேண்டும். சோதிக்கும் முறைகளுள் ஒன்று சுவையானது. துணியின் வலிமையை அளக்கச் செய்யப்பட்ட சிறு கருவியின் முனையை, குறித்த விசையுடன் எஃகுத் தண்டின்மேல் அழுத்துவர். பள்ளம் விழுந்தால் எஃகு உள்ளே மெலிந்துவிட்டது என்று பொருள். ஒரு பள்ளம் போதும். அத்தண்டு மீண்டும் வானேறக் கூடாது.

தண்டைப் போலவே வாற்பகுதியும் ஐயத்திற்குரியது. வால் தாழ்ந்து நிற்கும் வானூர்தியில் நீரனைத்தும் பின்னோக்கி வழிந்து, அங்குள்ள கீழ்க்குழாய்களை அரிக்கும். மரத்தாலான இறக்கை விட்டங்களில் மயிரிழை போன்ற குறுக்கு வெடிப்புகள் ஒளிந்திருக்கலாம். எலியும் எளிய பகையன்று. இறக்கைக்குள் கூடு கட்டி அது கழிக்கும் சிறுநீர் அலுமினியத்தைச் சல்லடையாக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பயன்படுத்துவோர் இதனை முதலிலேயே அறிவர். நெடுங்காலம் ஓடாத எந்திரத்தில், உருளைச் சுவர்களில் எண்ணெய் வடிந்து துரு ஏறியிருக்கும். அதை முற்றாகப் புதுப்பிக்கும் செலவு, வானூர்திக்குக் கொடுத்த விலையையே மிஞ்சக்கூடும் என்பதைப் பேரம் பேசுமுன் கணக்கிட வேண்டும். இறக்கைகளைக் கழற்றி வைக்க இடமும், பல ஆண்டு மாலைப்பொழுதுகளும் அக்கணக்கில் சேரும். இவற்றை எண்ணாமல் தொடங்கிய பலருடைய வானூர்திகளே பின்னர்ப் பெட்டிகளில் மலிவு விலைக்கு வருகின்றன.

இத்தனையும் பார்த்தபின், “இது வேண்டாம்” என்று ஆசான் கூறுவதுண்டு. மாதக்கணக்கில் தேடியவருக்கு அது கசக்கும். துருவேறிய குழாயை வெட்டிப் புதிதைப் பற்றவைக்கலாம். கிழிந்த துணியை அகற்றிப் பாலியெஸ்டர் துணியைப் போர்த்தி, அளந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் சுருக்கி இறுக்கலாம். உரிமைச் சங்கிலி அறுந்த தாள்களையோ, எண்ணற்ற இடங்களில் ஒருங்கே கெட்ட கூட்டையோ பழகுநர் தம் முதற்பணியில் சீர்செய்வது அரிது.

ஆசான் இசைந்தால், மறுநாளே திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இணைப்பையும் பல கோணங்களில் படமெடுத்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் பெயரெழுதிய பைகளில் இட்டு, அன்றன்றைய வேலையைக் குறிப்பேட்டில் எழுதித் தேதியிட வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் அக்கூட்டின்மேல் புதுத்துணி போர்த்தும் நாளில், ஆசான் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டையே.