குழவி நிற்க, உரல் சுற்ற

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். மெஷின் வடிவமைக்க உட்காருகிற பிள்ளைகள் பலரும் மோட்டாரில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை எச்.பி., என்ன விலை என்று. மெஷின் செய்யப்போகிற வேலையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கட்சி. வெட் கிரைண்டரையே பார்ப்போம். 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய மெஷின் அது. பின்னாளில் கோவையின் பெயரிலேயே புவிசார் குறியீடும் வாங்கியது.

அதன் வேலை என்ன? ஊறிய உளுந்தை நசுக்கி, நீரும் காற்றும் சேரப் பொங்க வைப்பது. வேகம் கூடினால் மாவு சூடேறும், இட்லி மெத்தென்று வராது. ஆகவே மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் பலமாகச் சுற்ற வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண நாலு துருவ மோட்டாரோ நிமிடத்துக்கு 1,440 சுற்று அளவில் ஓடுகிறது. அதனால் மோட்டாரில் சின்னப் புல்லி, பாத்திரத்தின் அடியில் பெரிய புல்லி, இரண்டுக்கும் நடுவே பெல்ட். பெரியதன் விட்டம் 10 மடங்கு இருந்தால் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் போனது போக, முறுக்குவிசை கிட்டத்தட்ட 10 மடங்காகும்.

இனி எதைச் சுற்றுவது? ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவியைத்தான் கையால் சுற்றினோம். கிரைண்டரில் குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்திவிட்டு உரலைச் சுற்ற விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். மோட்டார் கீழே போய்விட்டது. மேலே திறந்திருக்கிறது, உளுந்து போடலாம், தண்ணீர் தெளிக்கலாம். மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். சுழலும் அச்சு அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது, புஷ் தேய்ந்ததும் அந்த வழியாக ஒழுகுகிறது. கிரைண்டரில் பாத்திரமே சுழல்வதால் அப்படித் தேய்ந்து ஒழுகும் இடமே இல்லை. நல்ல சீலைத் தேடி அலைவதைவிட, சீல் வேண்டாத அமைப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு மேல்!

டேபிள்டாப் கிரைண்டர் சிலவற்றில் குழவிகள் கூம்பு வடிவில் இருக்கும். அழகுக்காக அல்ல. பாத்திரத்தின் மையத்துக்கு அருகே அடிக்கல் மெதுவாக நகர்கிறது, விளிம்பில் வேகமாக நகர்கிறது. உருளைக் குழவி என்றால் இரு முனைக்கும் ஒரே வேகம்தான், எங்கேயாவது கல்லோடு கல் இழுபட்டே தீரும். கூம்பின் பருத்த முனையை வெளியே வைத்தால் குழவி நெடுகிலும் இசைந்து உருளும். உருளைக் குழவியும் மாவை அரைக்காமல் இல்லை. அந்த இழுபடலே அரைப்பதற்கு உதவும் என்று சொல்வாரும் உண்டு.

அடுத்தது, பலரும் நினைக்கத் தயங்குவது: இது எங்கே பழுதாகட்டும்? குழவிக்கு அடியில் கரண்டி சிக்கிவிட்டது என்று வையுங்கள். எல்லாப் பாகமும் இரும்புப் பிடியாக இணைந்திருந்தால் மோட்டார் முக்கி முக்கிச் சூடேறிக் காயில் கருகும், அல்லது கல் விரியும். பெல்ட் இருப்பதால் அது வழுக்கிக் கிறீச்சிடும், ரப்பர் வாடை வரும், யாராவது ஓடி வந்து சுவிட்சை அணைப்பார்கள். மலிவான பாகம் முதலில் தோற்கும்படி வைப்பது கோழைத்தனமில்லை, பொறுப்பு.

கையையும் மறக்கக் கூடாது. ஈரக் கையோடுதான் இதை இயக்குவார்கள், ஆகவே எர்த் இணைப்பில் சமரசம் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்து மாவைத் தள்ளிவிடுவார்கள். முந்தானையும் பின்னலும் பெல்ட்டுக்கு எட்டாதபடி மூடி வேண்டும். ‘ஜாக்கிரதை’ என்று ஒட்டிவிட்டுப் போவதை நான் வடிவமைப்பாகவே ஏற்க மாட்டேன்.

பழுது பார்ப்பதும் அப்படித்தான். பெல்ட் எப்படியும் தேயும். அதை மாற்ற அடியிலுள்ள நாலு திருகைக் கழற்றினால் போதுமா, மோட்டாரையே இறக்க வேண்டுமா என்பதை, மெஷின் காகிதத்தில் கோடாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.